முதல் நாற்காலிக்கு நூற்றிருபது நாள்

சாந்தம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் எங்கள் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓசூர் சிப்காட்டில் இரு சக்கர வண்டிக்கு ஹாரன் செய்யும் கம்பெனி ஒன்றில் நாங்கள் ஆறு பெண்கள் ஒரு லைன். கம்பெனி பெயர் வேண்டாம்; சொன்னால் நாளைக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். காலை ஷிப்டுக்கு வரும் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து, பஞ்ச் வைத்து, ஷூவை மாட்டியும் மாட்டாமலும் ஓடுவோம். முதலில் போகிறவள் முதல் நாற்காலியில் கைக்குட்டையைப் போடுவாள். டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற புத்தி எங்கே போகும்? கம்பெனிக்குள்ளும் கூடவே வந்துவிட்டது.

ஏன் இந்த ஓட்டம் என்றால், ஆறு இடங்களும் ஒன்றல்ல. முதல் இடத்தில் நாற்காலி உண்டு, விளக்கு உண்டு. உட்கார்ந்தபடி மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளினால் போதும். நடுவில் உள்ள நான்கு இடங்களிலும் ஸ்டூலில் உட்கார்ந்து கைவேலை. ஆறாவது இடம் பெடல் பிரஸ். அங்கே நாற்காலி கிடையாது. நின்றுகொண்டு, ஒவ்வொரு ஹாரனுக்கும் ஒரு மிதி மிதித்து ரிவெட் அடிக்க வேண்டும். ஷிப்டு முடியும்போது கால் நம்முடையதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். கடைசியாக ஓடி வருகிறவளுக்கு அதுதான்.

சாந்தம்மா எங்கள் லைன் லீடர். பெரிய பதவி ஒன்றுமில்லை. எங்களைப் போலவே ஓர் இடத்தில் நின்று வேலையும் செய்ய வேண்டும், எண்ணிக்கை குறைந்தால் எங்களுக்கும் சேர்த்துத் திட்டு வாங்க வேண்டும். ஊர் தேன்கனிக்கோட்டைக்கு அந்தப் பக்கம். வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டோடு கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். பன்னிரண்டாவதில் கணக்குப் பிரிவு எடுத்து, கிருஷ்ணகிரி காலேஜில் ஒரு வருஷம் கணிதமும் படித்தாள். அந்த வருஷம் கேழ்வரகு அறுக்கிற நேரத்தில் யானைகள் இறங்கி, அவள் அப்பா வெங்கடப்பனின் நிலத்தை இரண்டு முறை மிதித்துவிட்டுப் போயின. நஷ்ட ஈடு வந்தது, ஆனால் காலேஜில் அவள் பெயரை அடித்த பிறகு வந்தது.

கல்யாணமாகி மத்திகிரிக்கு வந்தவள் முதலில் சேர்ந்த கம்பெனியிலும் பெடல் பிரஸ்தான். ஐந்தாம் மாதத்தில் கரு போயிற்று. காலால் மிதித்ததாலா, வேறு எதனாலா என்று எந்த டாக்டரும் அவளுக்குத் தீர்த்துச் சொல்லவில்லை. அதன் பிறகு தங்கவும் இல்லை. இதை அவள் என்னிடம் அழுதுகொண்டு சொல்லவில்லை. டீ குடிக்கும்போது, இன்றைக்குச் சர்க்கரை அதிகம் என்று சொல்கிற குரலில் சொன்னாள். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

எங்கள் ஆறு பேரில் சின்னவள் மெஹ்னாஸ். மத்திகிரியில் வாடகை வீடு. புருஷன் மன்சூர் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கலைந்துவிட்டது. மூன்றாவது முறை நின்றபோது டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: ஓடக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது, பெடல் பக்கமே போகக் கூடாது. சொல்வது சுலபம். நான்கு மாதத்தில் அவளுக்கு கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் யாரும் முகத்துக்கு நேரே வெளியே போ என்று சொல்ல மாட்டார்கள். "போயிட்டு வாம்மா, உடம்பப் பாத்துக்க" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். புதுக் காகிதத்தில் பெயர் இருக்காது, அவ்வளவுதான்.

பாத்ரூமில் அவள் வாந்தி எடுத்ததைச் சாந்தம்மா பார்த்துவிட்டாள். அவளிடம் மட்டும் மெஹ்னாஸ் சொன்னாள். இது எனக்கே பிறகுதான் தெரியும். ஆனால் படிக்கிற உங்களை நான் எதற்குக் காக்க வைக்க வேண்டும்? நான்கு மாதம் அவள் பெடலில் நிற்கக் கூடாது. ஏன் நிற்கவில்லை என்று யாரும் கேட்கவும் கூடாது. சாந்தம்மாவின் தலையில் வந்து விழுந்த பாரம் இதுதான்.

மறுநாள் டீ நேரத்தில் சாந்தம்மா எங்களை நிறுத்தினாள்.

"நாளையிலருந்து யாரும் ஓட வேணாம். நம்ம ஆறு பேரும் ஆறு எடத்துல எத்தன விதமா மாறி மாறி நிக்க முடியுமோ, அத்தன விதமும் ஒரு தடவ வரட்டும். வந்தது மறுபடி வராது. நான் சார்ட் போடறன். இதவிட நாயம் எதுனா இருந்தா சொல்லுங்க."

"எதுக்கு அவ்ளோ சுத்து?" என்றாள் கருப்பாயி. "ஆளுக்கு ஒரு நாளுன்னு அப்படியே நகந்துகினே போனா ஆறு நாளுல முடிஞ்சிருமே."

"முடியும். ஆனா அப்ப என்னிக்கும் செல்வக்காவுக்கு அடுத்து நீதான் நிப்ப. அவங்க வேகத்துக்கு உன் முன்னாடி மலையா குமிஞ்சிரும். போன மாசம் அதுக்குத்தான ரெண்டு பேரும் கட்டிப் பொரண்டீங்க?"

கருப்பாயி சரி என்று டீ டம்ளரைக் கீழே வைத்தாள். செல்வக்கா என்றால் செல்வம்மாள், சேலம் பக்கத்துக்காரர், எங்களில் மூத்தவர். கை மின்னல் வேகம். வாய் அதைவிட வேகம். முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கும். அவரும் சரி என்று தலையாட்டினார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆறு பேர், ஆறு இடம், ஆறாறு முப்பத்தாறு. ஒன்றரை மாதத்தில் ஒரு சுற்று முடியும், நல்லதுதான் என்று பட்டது. எல்லோரும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தோம் என்பது பிறகு தெரிந்தது. மாதேஸ்வரி முப்பத்தாறாம் நாளைத் தன் செல்போனில் குறித்தே வைத்துக்கொண்டாள். ஷிப்டு இன்ஜினியர் ஹரீஷ்குமார் சார்ட்டை வாங்கிப் பார்த்தார், பேனாவை எடுத்தார், கொஞ்சம் யோசித்தார், கையெழுத்துப் போட்டார்.

சார்ட்டில் பெயர் வரிசை இது: மெஹ்னாஸ், பிரியதர்ஷினி, மாதேஸ்வரி, கருப்பாயி, செல்வம்மாள், சாந்தம்மா. பிரியதர்ஷினி என்பது நான். முதல் நாள் இதே வரிசையில் நின்றோம், பெடலில் சாந்தம்மா. இரண்டாம் நாள் கடைசி இரண்டு பேர் மட்டும் இடம் மாறினார்கள். பிறகு கடைசி மூன்று பேர் தங்களுக்குள் மாறினார்கள். பிறகு கடைசி நான்கு பேர். நான் பாட்டுக்கு இரண்டாவது இடத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்தாம் நாள்தான் நான் முதன்முதலாக அசைந்தேன். மெஹ்னாஸ் அசையவே இல்லை.

முப்பத்தாறாம் நாளும் முடிந்தது. மறுநாள் காலை சார்ட்டைப் பார்த்தால் முதல் நாற்காலியில் மறுபடியும் மெஹ்னாஸ். எனக்கு மூக்குக்கு மேலே கோபம். சும்மா விடுவேனா? கேன்டீனில் சாந்தம்மாவின் எதிரே தட்டைப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏங்க்கா, எங்கள என்ன கேனச்சின்னு நெனச்சிங்களா? முப்பத்தாறு நாளு முடிஞ்சிபோச்சி. அவ இன்னும் அதே எடத்துல குந்தினுகிறா."

சாந்தம்மா நிமிர்ந்து பார்த்தாள். "முப்பத்தாறுன்னு யாரு சொன்னது?"

"ஆறாறு எவ்ளோ?"

அவள் மேசையில் இருந்த தண்ணீர் டம்ளர், என் மோர் கப், தன்னுடைய ஊறுகாய் டப்பா மூன்றையும் வரிசையாக வைத்தாள்.

"இத எத்தன விதமா வெக்கலாம்? வெச்சிப் பாரு."

ரசம் ஆறிக்கொண்டிருந்தது. எரிச்சலோடு வைத்துப் பார்த்தேன். டம்ளர் முதலில் இருந்தால் மற்ற இரண்டும் மாறி மாறி இரண்டு விதம். மோர் முதலில் இருந்தால் இரண்டு. ஊறுகாய் முதலில் இருந்தால் இரண்டு. ஆறு வந்தது. மூன்று மூன்று ஒன்பது வரும் என்று எதிர்பார்த்த எனக்கு அது ஒரு மாதிரி இருந்தது.

"பாத்தியா? மொத எடத்துக்கு மூணு பேருல யாரு வேணா வரலாம். ஒருத்தி வந்து குந்திட்டா அடுத்த எடத்துக்கு மிச்சம் ரெண்டு பேருதான். கடைசி எடத்துக்கு ஒருத்தி, அவளுக்கு வேற வழி கெடையாது. மூணு ரெண்டு ஆறு, ஆறு ஒண்ணு ஆறு. ஒருத்தியே ரெண்டு எடத்துல நிக்க முடியாதுல்ல? நீ ஒம்போதுன்னு நெனக்கறப்ப அவள ரெண்டு எடத்துல நிக்க வெக்கற." ஒரு ஸ்பூனை எடுத்தாள். "இப்ப இது நாலாவது ஆளு. அந்த ஆறு விதத்துல ஒவ்வொண்ணுலயும் இது பூந்துக்க நாலு எடம் இருக்குது. முன்னாடி, நடுவுல ரெண்டு, பின்னாடி. அப்ப எவ்ளோ?"

"இருபத்தி நாலு."

"அஞ்சாவது ஆளு வந்தா அஞ்சு மடங்கு. நூத்தி இருவது. ஆறாவது ஆளு வந்தா ஆறு மடங்கு."

என் செல்போனில் பெருக்கினேன். எழுநூற்றிருபது. இன்னொரு முறை பெருக்கினேன், அதேதான் வந்தது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றாலும் இரண்டு வருஷத்துக்கு மேலே ஓடும். "ஏழாவதா ஒருத்திய சேத்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஐயாயிரத்து நாற்பது வந்தது.

பாடப் புத்தகத்தில் இதற்குக் காரணீயப் பெருக்கம் என்று பெயராம். எண்ணை எழுதிப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் போதுமாம். நான் காமர்ஸ் படித்தவள், எனக்கு அந்தக் குறி பழக்கமில்லை. ஆனால் ஒன்று மனதில் நின்றது. ஓர் ஆள் கூடினால் ஒன்று கூடுவதில்லை. ஏற்கெனவே இருக்கிற அத்தனை வரிசைக்குள்ளும் அவள் நுழைந்து, ஒவ்வொன்றையும் பலவாக ஆக்கிவிடுகிறாள். ஒருத்தியை ஓர் இடத்தில் அசையாமல் வைத்துவிட்டால் எழுநூற்றிருபது நூற்றிருபதாகச் சுருங்கிவிடுகிறது. அன்றைக்கு எனக்கு அது கணக்காகவே தெரியவில்லை, எங்கள் லைனைப் பற்றிய சமாச்சாரமாகத்தான் தெரிந்தது.

"அப்ப மெஹ்னாஸ் மொத நாற்காலில எத்தன நாளு?"

"மிச்சம் அஞ்சு பேரு மாறி முடிக்கற வரிக்கும். நூத்தி இருவது நாளு. அப்பறம் உன் பேரு. உனுக்கும் நூத்தி இருவது. கணக்கு அப்படித்தான் போவும்."

"கணக்கு அப்படிப் போவும், சரி. அவ பேர மொதல்ல எழுதுன்னு கணக்கு சொல்லுச்சா?"

சாந்தம்மா ஊறுகாய் டப்பாவை மூடினாள். சுற்றிலும் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சார்ட் போட்டபோது மூன்று மாதம், இப்போது நாலரை. பெடல். கான்ட்ராக்ட். "நூத்தி இருவது நாளு கெடச்சா போதும் பிரியா. அதுக்குள்ள கையெழுத்து ஆயிரும். அப்பறம் அவளே வாயத் தொறந்து சொல்லிக்கட்டும்." தன் பெயரை ஏன் கடைசியில் எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. அந்த முப்பத்தாறு நாளில் நான் பெடலில் நின்றது இரண்டே நாள். சாந்தம்மா பத்து நாள். எனக்கு அவள்மேல் பாசம் பொங்கியது, அதை மறைக்க ரசத்தைக் குறை சொன்னேன்.

ஆனால் பத்து நாள் நின்ற இன்னொருத்தரும் இருந்தார். செல்வக்கா.

அன்று மதியமே ஹரீஷ்குமார் லைனுக்கு வந்தபோது செல்வக்கா தன் இடத்தை விட்டு எழுந்து அவர் எதிரே போய் நின்றார். பேன்ட் காலை முழங்கால் வரை தூக்கிக் காட்டினார். நரம்பு கறுத்துப் புடைத்திருந்தது.

"பெடல்ல பத்து நாளு நின்னுட்டேன் சார். இந்த மெஹ்னாஸ் பொண்ணு ஒரு நாளுகூட நிக்கல. கேட்டா சார்ட்டுங்கறாங்க. மொத நாற்காலிக்கு என் முறை எப்ப வரும்னு அந்தம்மாவயே கேளுங்க."

ஹரீஷ்குமார் சாந்தம்மாவைப் பார்த்தார். சாந்தம்மாவுக்குப் பொய் சொல்ல வராது.

"ஆரம்பிச்ச நாளுலருந்து நானூத்தி எண்பது நாளு கழிச்சி வரும் சார். வந்தா நூத்தி இருவது நாளு அவங்களுக்குத்தான். எழுநூத்தி இருவதும் முடிஞ்சா எல்லாருக்கும் சமமா வந்திருக்கும்."

"எழுநூத்தி இருவது நாளு இங்க யாரும்மா இருக்கப் போறோம்?" என்றார் செல்வக்கா. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "எனக்கு எட்டு மாசத்துல கான்ட்ராக்ட் முடியுது. மாதேஸ்வரிக்கு ஆறு மாசம். ஒருத்தி போயிட்டா புதுசா ஒருத்தி வருவா. மறுபடி மொதல்லருந்து எழுதுவ. உன் சமம் எங்களுக்கு வந்து சேர்ற அன்னிக்கு நாங்க யாரும் இங்க இருக்க மாட்டோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. அந்தக் கணக்கில் தப்பே இல்லை. எங்கள் கான்ட்ராக்டைவிட அது நீளம், அதுதான் தப்பு. சாந்தம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். உண்மையைச் சொன்னால் மெஹ்னாஸின் வேலை போகும், சொல்லாவிட்டால் இவள் பாரபட்சக்காரி. அவள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு தலை குனிந்தாள்.

ஹரீஷ்குமார் சார்ட்டைக் கழற்றிச் சுருட்டினார். "ஒரே ஆள் இத்தன நாள் ஒரே ஸ்டேஷன்ல இருந்தா ஆடிட்லயும் கேப்பாங்கக்கா. நாளைக்கி காலைலருந்து சீட்டு. யாருக்கு என்ன நம்பரோ அங்க நில்லுங்க. என் முன்னாடிதான் எடுக்கணும்."

"சீட்ட நான்தான் எழுதுவேன்," என்றார் செல்வக்கா. "லீடரு கை படக் கூடாது."

"சரி, நீங்களே எழுதுங்க."

அப்போதுதான் மெஹ்னாஸின் கை தன்னையறியாமல் ஓவர்கோட்டுக்கு மேலே, அடிவயிற்றில் போய் நின்றது. நான் பார்த்தேன். நான் பார்த்ததைச் செல்வக்காவும் பார்த்தார். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

சாயங்காலம் பஸ்ஸில் செல்வக்கா தன் வழக்கமான ஜன்னல் சீட்டுக்குப் போகாமல் மெஹ்னாஸின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் பின் சீட்டில். காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், அதிலென்ன வெட்கம்.

"எத்தன மாசம்?"

மெஹ்னாஸ் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். "நாலு முடிஞ்சி அஞ்சு நடக்குதுக்கா. ரெண்டு போயிருச்சி. இது..."

செல்வக்கா ஆறுதலும் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மத்திகிரி வந்ததும் எழுந்து மெஹ்னாஸுக்கு இறங்க வழி விட்டார். அவ்வளவுதான். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஆறு சீட்டில் ஒரு சீட்டு பெடல். ஒரு நாள் தப்பலாம், இரண்டு நாள் தப்பலாம். நூற்றிருபதில் மிச்சமிருக்கும் எண்பத்து மூன்று நாளும் எந்தக் கணக்கு அவளைக் காப்பாற்றும்?

காலையில் ஹரீஷ்குமார் பலகை அருகே மார்க்கரோடு நின்றார். செல்வக்கா தன் இட்லி டப்பாவின் மூடியில் ஆறு சீட்டுகளை, பீடியைப் போல இறுக்கச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். மூடியை முதலில் மெஹ்னாஸிடம் நீட்டினார்.

"சின்னவ மொதல்ல எடு."

மெஹ்னாஸ் எடுத்தாள், பிரித்தாள். "ஒண்ணு," என்றாள். அவளுக்கே நம்பிக்கை வரவில்லை, மறுபடி பார்த்தாள். இன்றைக்குத் தப்பித்தாள்.

மூடி அடுத்ததாக என்னிடம் வந்தது. எடுத்துப் பிரித்தேன். என் சீட்டிலும் ஒன்று என்றுதான் எழுதியிருந்தது.

செல்வக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் சீட்டை எடுத்தார், பிரிக்கிற மாதிரி பிரித்து உடனே கசக்கினார். "எனக்கு ஆறு சார். என் நேரம்," என்று சலித்துக்கொண்டார். முடிச்சு விழுந்த அந்தக் காலோடு.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "நாலு," என்றேன். மாதேஸ்வரி தன் சீட்டைப் பிரித்து, கண்ணை விரித்து, என்னையும் செல்வக்காவையும், மறுபடி வயிற்றில் போய் நின்ற மெஹ்னாஸின் கையையும் பார்த்து, "ரெண்டு," என்றாள். கருப்பாயி கொஞ்சம் மந்தம். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாதேஸ்வரி அவள் காலை மிதித்தாள். "அஞ்சு," என்றாள் கருப்பாயி, வலியில் கொஞ்சம் உரக்க.

கடைசிச் சீட்டு சாந்தம்மாவுக்கு. பிரித்தாள். அதற்குள் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கண் நிரம்பிவிட்டது. நாங்கள் ஐந்து பேர் சொல்லி முடித்த பிறகு அவளுக்கு மிச்சம் ஒரே ஓர் இடம்தான். அதைச் சொல்ல வாயெடுத்தாள், பொய் வரவில்லை.

"சாந்தம்மாக்கா, என்ன நம்பர்?" என்றார் ஹரீஷ்குமார்.

அவள் சீட்டைப் பாதி மடித்தாள். அவர் அருகே வந்து அவள் கையிலிருந்த சீட்டை எடுத்தார். பிரித்துப் பார்த்தார். ஒன்று. பிறகு பலகையைப் பார்த்தார், அங்கே மெஹ்னாஸின் பெயருக்கு நேரே அவரே எழுதிய ஒன்றைப் பார்த்தார். எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். கடைசியில் மெஹ்னாஸைப் பார்த்தார். அவள் மேல் அவர் கண் ஒரு நொடிக்கு மேல் நிற்கவில்லை.

சீட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாந்தம்மாவின் பெயருக்கு நேரே மூன்று என்று எழுதினார். மார்க்கரை மூடினார்.

"நாளைக்கும் செல்வக்காவே சீட்டு எழுதட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.